ஒரு கையெழுத்து, 25,000 வோல்ட்

சென்னையிலிருந்து பெங்களூருக்கோ கோவைக்கோ ரயிலில் போகிறவர்களுக்குக் காட்பாடி என்றால் டிபன், ஆம்பூர் என்றால் பிரியாணி, வாணியம்பாடி என்றால் ‘எங்க பிரியாணிதான் ஒசத்தி’ என்று சண்டைக்கு வரும் இன்னொரு பிரியாணி, ஜோலார்பேட்டை என்றால் இறங்கி வண்டி மாறுகிற இடம். நடுநடுவே தோல் ஷாப் வாசனை வந்தால் கர்ச்சீப். ஜன்னல் சீட் கிடைத்த பாக்கியவான்கள் ஏலகிரியைப் பார்ப்பார்கள். பாலாற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் ஒரு திருப்தியுடன் தூங்கிவிடுவார்கள். தலைக்கு மேலே கூடவே ஓடிவரும் கம்பியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அது நல்ல சகுனம். ரயில் பயணி கம்பியை அண்ணாந்து பார்க்கிறான் என்றால் ரயில் ஒரு மணி நேரமாக நடுவழியில் நிற்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கம்பியைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே ஏதோ ஒரு டெப்போ. வயது 29. பி.இ. எலக்ட்ரிகல். பெயர் வேண்டாம், போட்டால் மேலிடத்திலிருந்து மெமோ வரும், போடாவிட்டால் அவர் மனைவி என்னோடு பேசமாட்டார். மெமோவுக்குத்தான் பயம் அதிகம் என்பதால் வெறும் ‘என்ஜினீயர்’.

பெண் பார்க்கப் போனபோது நடந்ததாக அவர் சொன்னது:

“மாப்பிள்ளை ரயில்வேல என்னவா இருக்கீங்க?”

“டி.ஆர்.டி.-ங்க. ஓ.ஹெச்.இ. மெயின்டனன்ஸ்.”

“புரியலையே?”

“மேல கம்பி போகுது இல்லீங்களா, அதுக்கு.”

“ஓ... லைன்மேன்!”

கேட்டவர் பெண்ணின் தாய்மாமன். மாப்பிள்ளை ஜூனியர் என்ஜினீயர் என்று தரகர் நாலு தடவை எடுத்துச் சொன்ன பிறகுதான் காப்பி வந்ததாம். அதற்குப் பிறகும் மாமனுக்கு ஒரே ஒரு சந்தேகம். “பாஸ் உண்டில்ல?”

உண்டு. அதை உபயோகிக்க லீவுதான் இல்லை.

*

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் இவருடைய நாள் புரியும். அதிகம் பயமுறுத்தமாட்டேன்.

நம் வீட்டு பிளக்கில் 230 வோல்ட். ரயில் கம்பியில் 25,000. நூறு மடங்குக்கு மேல். இதைத் தொட வேண்டியதே இல்லை, பக்கத்தில் போனாலே போதும், அதுவே வந்து தொடும். ரயில்வே சட்டப்படி 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டி மேல் ஏறி செல்ஃபி எடுக்கிற தம்பிகளுக்கு இந்த 2 மீட்டர் கணக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பேப்பரில் நாலு வரிச் செய்தியாக வரும்போது மற்றவர்களுக்குத் தெரிகிறது.

இந்தியாவில் முதல் மின்சார ரயில் ஓடியது 1925 பிப்ரவரி 3, பம்பாய் வி.டி.-யிலிருந்து குர்லாவுக்கு. மதராஸ் அதிகம் பின்தங்கவில்லை. 1931-ல் பீச்-தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார வண்டி வந்துவிட்டது. அதெல்லாம் 1,500 வோல்ட், டி.சி. பிறகு 1957-ல், இனிமேல் 25,000 வோல்ட் ஏ.சி.தான் என்று ரயில்வே முடிவெடுத்தது. சொல்லிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் போய்விட்டார்கள், ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனார்கள். லோகோவில் இருக்கும் மெயின் பிரேக்கருக்கு இன்றைக்கும் பெயர் ‘டி.ஜே.’ ‘டிஸ்ஜாங்க்தர்’ என்ற பிரெஞ்சு வார்த்தையின் சுருக்கம். ஜோலார்பேட்டையில் ஒரு டிரைவர் “டி.ஜே. ஓபன்” என்று சொல்லும்போது கல்யாண வீட்டில் பாட்டுப் போடுகிறவரைச் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் பிரெஞ்சு பேசுகிறார்.

நம் தோல் பேட்டைப் பாதையோ இன்னும் பழைய கட்டை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1-ம் தேதி ரயில் விட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. அப்புறம் அதே தண்டவாளம் பாலாற்றுப் பள்ளத்தாக்கோடு மேற்கே நீண்டு, மலையாளக் கரை பேப்பூருக்குப் போனது. இங்கே ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட தோல், ரயிலேறி மதராஸ் துறைமுகம் போய்க் கப்பலேறியது. மேலே மின்கம்பி வந்தது 1980-களில்தான். அதுவரை கரி, டீசல்.

கம்பி என்றால் ஒரு கம்பி இல்லை. மேலே ஒன்று தொட்டில் கயிறு மாதிரி தொய்ந்து போகும். அதிலிருந்து சின்னச் சின்னத் துண்டுக் கம்பிகளில் தொங்கிக்கொண்டு கீழே ஒன்று நேராகப் போகும். கீழ்க் கம்பிதான் கான்டாக்ட் வயர். சுத்தச் செம்பு. தரையிலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரம். அது ‘நேராக’ப் போகிறது என்று நினைப்பதும் நம் பிரமைதான். இந்தக் கம்பத்தில் இடதுபக்கம் 20 சென்டிமீட்டர், அடுத்த கம்பத்தில் வலதுபக்கம் 20 சென்டிமீட்டர் என்று வேண்டுமென்றே கோணலாக இழுத்திருப்பார்கள். காரணம் ஆம்பூரில் செருப்புத் தைக்கிறவருக்குத் தெரியும். உளியைக் கல்லில் ஒரே இடத்தில் தீட்டினால் கல் பள்ளமாகும். லோகோ தலையில் இருக்கும் பாண்டோவின் கரிப்பட்டையில் கம்பி ஒரே இடத்தில் உரசினால் பட்டை அறுந்து போகும். அதனால் இப்படியும் அப்படியும்.

அடுத்து வெயில். ‘தண்ணியில்லா ஆறு, சாமியில்லா கோயில், ராஜா இல்லா கோட்டை’ என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாற்றில் கரை கொள்ளாமல் தண்ணீர் வந்தது. ராஜா மட்டும் பாக்கி. ஆனால் வெயில் இல்லா வேலூர் என்று எவரும் சொன்னதில்லை. செம்பு சூட்டில் நீளும். முக்கால் கிலோமீட்டர் கம்பி, விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர், அதாவது ஒன்றேகால் அடி நீளும். அதைச் சும்மா விட்டால் கம்பி தொங்கி, போகிற லோகோவின் பாண்டோவில் சிக்கி, பத்து கம்பத்தை இழுத்துக்கொண்டு வரும். அதற்காகக் கம்பியின் கோடியில் ஒரு கப்பி, கப்பியில் இரும்பு எடை. நீங்கள் அடுத்த தடவை பாருங்கள், கோயில் சப்பரத்துக்குத் தொங்கவிட்ட மாதிரி வட்ட வட்டமாக அடுக்கியிருக்கும். கம்பி நீள நீள எடை இறங்கும். கம்பி எப்போதும் ஆயிரம் கிலோ இழுப்பில் விறைப்பாகவே நிற்கும். பழைய மூன்றுக்கொன்று கப்பியாக இருந்தால் மேற்படி ஒன்றேகால் அடிக்கு எடை மூணே முக்கால் அடி இறங்க வேண்டும். இறங்குகிற வழியில் ஏதாவது முட்டுக்கட்டை இருக்கிறதா, புதர் வளர்ந்திருக்கிறதா, பயல்கள் கல்லைச் சொருகி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் நம் என்ஜினீயரின் உத்தியோகம்.

*

காலை ஆறே முக்கால். பல் தேய்க்கும்போது போன். கன்ட்ரோலிலிருந்து டி.பி.சி. டிராக்‌ஷன் பவர் கன்ட்ரோலர். எந்தத் துண்டுக் கம்பிக்கு மின்சாரம் இருக்கலாம், எதற்கு இருக்கக் கூடாது என்பதை எங்கேயோ உட்கார்ந்து தீர்மானிக்கும் எமதர்மராஜன். (நல்ல மனிதர்தான், வேலை அப்படி.)

“ராத்திரி ரெண்டு பத்துக்கு ஒரு ட்ரிப். தானே ரீக்ளோஸ் ஆயிடுச்சு. உங்க செக்‌ஷன்தான். பார்த்துடுங்க.”

பிரேக்கர் விழுந்து, தானாகவே எழுந்து நின்றுகொண்டது என்றால் ஏதோ ஒன்று வந்து பட்டு, எரிந்து விழுந்திருக்கிறது. ஆள் பட்டியல் வருமாறு: காக்கை, குரங்கு, மயில், தென்னை மட்டை, பட்டம், அரசியல் கட்சி. கடைசியாகச் சொன்னது ஃபிளெக்ஸ் போர்டு. பொதுக்கூட்டம் முடிந்து இரண்டு நாளில் காற்றடித்தால் தலைவர் சிரித்த முகத்துடன் கம்பி மேல் வந்து படுத்துக்கொள்வார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். மின்சாரத்துக்கு எல்லாக் கட்சியும் ஒன்றுதான்.

பெரும்பாலும் காக்கைதான். கம்பத்தில் பிராக்கெட்டும் இன்சுலேட்டரும் சேருகிற இடம் கூடு கட்டுவதற்கென்றே ரயில்வே அமைத்துக் கொடுத்த இடம் மாதிரி இருக்கும். முன்பெல்லாம் குச்சியில் கட்டின. இப்போது எங்கே பார்த்தாலும் வீடு கட்டுகிறோம், காக்கைக்குக் கட்டுக்கம்பி இலவசமாகக் கிடைக்கிறது. ‘காக்காவுக்கு சிவில் நல்லா வருது ஸார், எலக்ட்ரிகல்தான் வரலை’ என்பார் என்ஜினீயர். கூட்டைக் கலைக்க வேண்டும். முட்டை இருந்தால்? மேலே ஏறியவர் ஒன்றும் பேசாமல் கூட்டை அப்படியே இறக்கி, பக்கத்து வேப்பமரத்தில் வைத்துவிட்டு வருவார். மேனுவலில் இதற்குப் பாரா கிடையாது.

எட்டு மணிக்கு டெப்போ. ஆட்கள் பன்னிரண்டு பேர். அதில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் சீனியர். ரிட்டயராக ஒன்றரை வருஷம். கலாசியாகச் சேர்ந்தவர், எட்டாம் கிளாஸ். அவரை எல்லோரும் மேஸ்திரி என்கிறார்கள். என்ஜினீயர் ‘அண்ணே’ என்கிறார். அவர் என்ஜினீயரை ‘ஸார்’ என்கிறார், திட்டும்போதும்.

இன்னொருவர் ஹெல்ப்பர். வயது 27. ஏணி தூக்குவார், கயிறு இழுப்பார், தகிக்கும் தண்டவாளத்தில் ராடு சுமந்து நடப்பார். அவரும் பி.இ. எலக்ட்ரிகல். நம் என்ஜினீயர் படித்த பாடம், எழுதிய அதே யுனிவர்சிட்டிப் பரீட்சை.

ஆச்சரியப்படாதீர்கள். 2018-ல் ரயில்வே இந்தக் கடைநிலை வேலைகளுக்கு, சுமார் 63,000 இடங்களுக்கு, விண்ணப்பம் கேட்டது. பத்தாங்கிளாஸோ ஐ.டி.ஐ.யோ போதும் என்றார்கள். வந்த மனுக்கள் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம். ஓர் இடத்துக்கு முன்னூறு பேர். அந்த முன்னூறில் என்ஜினீயரிங் முடித்தவர்களும் எம்.எஸ்ஸி.க்களும் உண்டு. ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் ஜூனியர் என்ஜினீயருக்கு அடிப்படைச் சம்பளம் 35,400-ல் ஆரம்பம், ஹெல்ப்பருக்கு 18,000-ல். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பரீட்சை, அன்றைக்கு வயிறு சரியாக இருந்ததா, நார்மலைசேஷனில் எத்தனை மார்க் போனது, இத்யாதி. ‘தோல் ஷாப்ல சூப்பர்வைசரா கூப்டாங்க ஸார், அதைவிட இது பர்மனென்ட்’ என்கிறார் ஹெல்ப்பர். அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார். அவர் பேச்சில் கசப்பு எதுவும் இல்லை. அதுதான் கேட்கிறவருக்குக் கஷ்டமாக இருக்கிறது.

*

வேலை என்றால் பிளாக். ரயிலையும் நிறுத்த வேண்டும், மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும். ரயில் நிறுத்த ஒரு டிபார்ட்மென்ட், மின்சாரம் நிறுத்த இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் மனமிரங்க வேண்டும். காகிதத்தில் 10.20 முதல் 12.20 வரை இரண்டு மணி நேரம். பத்தே காலுக்கு டவர் வேகன் ஸ்டேஷனில் தயார். டவர் வேகன் என்பது தலையில் மேடை வைத்த குட்டி ரயில். மேடையில் நின்றால் கம்பி கைக்கெட்டும். சிக்னல் சிவப்பு. ஒரு எக்ஸ்பிரஸ் லேட். அதை விட்டால் பின்னால் ஒரு கூட்ஸ். கூட்ஸை விட்டால் அதன் பின்னால் யாரோ ஒரு பெரிய அதிகாரியின் இன்ஸ்பெக்‌ஷன் கோச். டீ குடிக்கிறார்கள். இரண்டாவது டீயும் குடிக்கிறார்கள்.

பிளாக் கிடைத்தபோது மணி 11.10. முடிக்க வேண்டிய நேரம் மட்டும் அதே 12.20. கல்யாணச் சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தி மாதிரி. இலை போட்டது லேட் என்று எடுப்பதை லேட்டாக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் படித்த படிப்புக்கும் மேஸ்திரிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

டி.பி.சி. தன் இடத்தில் இருந்தபடியே ரிமோட்டில் பிரேக்கரைத் திறக்கிறார். ‘சப்ளை ஆஃப்’ என்று சொல்லி ஒரு எண் கொடுக்கிறார். இவரும் ஒரு எண் கொடுக்கிறார். பிரைவேட் நம்பர் என்று பெயர். வாய் வார்த்தையாக ‘ஓகே, ஓகே’ என்று சொல்லிவிட்டுப் பிறகு நான் சொல்லவே இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது. இரண்டு பேரும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஆக, மின்சாரம் நின்றுவிட்டது. ஏறலாமா?

நீங்களும் நானும் ஏறிவிடுவோம். சுவிட்சை அணைத்தாயிற்று, அப்புறம் என்ன?

அப்புறம் பக்கத்து லைன். இது டபுள் லைன் பாதை. அந்தப் பக்கக் கம்பியில் 25,000 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் ஆவேசம் காற்று வழியாக இந்தச் செத்த கம்பியிலும் இறங்கும். இண்டக்‌ஷன். பிளஸ் டூ பிஸிக்ஸில் ஐந்து மார்க்கு. இங்கே சில ஆயிரம் வோல்ட். இன்னொரு வழியும் உண்டு. மின்சாரம் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் சந்திக்கும் எல்லையில் ஒரு லோகோ தவறுதலாகப் பாண்டோவைத் தூக்கியபடியே புகுந்துவிட்டால், பாண்டோவே இரண்டு கம்பிகளையும் இணைத்து, செத்ததை உயிர்ப்பித்துவிடும். எமன் தூங்குகிறான் என்று சொன்னால் போதாது, கையைக் கட்டிப் போட வேண்டும்.

கட்டுகிற கயிறுதான் டிஸ்சார்ஜ் ராடு. நீளக் கழி, நுனியில் கொக்கி, வாலில் தடித்த கேபிள். முதலில் வாலைத் தண்டவாளத்தில் பூட்ட வேண்டும். பிறகுதான் கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும். எடுக்கும்போது தலைகீழ். முதலில் கம்பியிலிருந்து கொக்கி. கடைசியில்தான் தண்டவாளத்து வால். மாறிப் போனால் மின்சாரத்துக்கும் பூமிக்கும் நடுவே இருப்பது கழியைப் பிடித்திருக்கும் ஆள். வேலை நடக்கும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மின்சாரம் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஆளைத் தொடுவதற்கு முன் பூமிக்குப் போய்விடும்.

அந்தப் பக்கத்து ராடுக்கு வெயிலில் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். எழுபது நிமிஷம்தான் கையில் இருக்கிறது. நடந்து போக எட்டு, மாட்ட இரண்டு, திரும்ப எட்டு. அவசரம் வந்து தோளில் உட்காருவது இங்கேதான். ஒரு பக்கம் மாட்டியாச்சே, ஆரம்பிச்சுடலாமே என்று தோன்றும். வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் என்ஜினீயர் ஏணியில் காலை வைத்தாராம். மேஸ்திரி ஏணியின் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

“இன்னா ஸார் அவசரம்? வண்டி லேட்டானா பேப்பர்ல போடுவான். நீங்க லேட்டானா போட்டோவோட போடுவான்.”

நாலு வருஷக் கல்லூரியில் இண்டக்‌ஷனுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைத்ததில்லை என்கிறார்.

இரண்டு ராடும் மாட்டியதற்குத் தகவல் வந்த பிறகு ஒரு காகிதம் எழுதுகிறார். பர்மிட் டு ஒர்க். இன்ன கம்பத்திலிருந்து இன்ன கம்பம் வரை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, மின்சாரம் நிறுத்தப்பட்டு பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது, வேலை செய்யலாம். கீழே கையெழுத்து. நாலு வருஷம் பி.இ., ஒரு வருஷம் கோச்சிங், அப்பா வாங்கின கடன் எல்லாம் சேர்ந்து இந்தக் கையெழுத்துக்குத்தான். பாக்கி வேலை எல்லாம் அவர் இல்லாமலேயே நடக்கும். மேஸ்திரிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். கையெழுத்து மட்டும் அவருடையது. அதை நம்பித்தான் பத்து பேர் செம்பைக் கையால் தொடுகிறார்கள். அதில் ஒருவர் அதே படிப்பு படித்தவர். அவருக்கும் இண்டக்‌ஷன் தெரியும், அவருக்கும் பார்முலா தெரியும். கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. தொடும் கடமை உண்டு.

இன்சுலேட்டர் துடைக்கிறார்கள். புகையும் தூசியும் படிந்த பீங்கான், மழைத் தூறல் விழுந்ததும் மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிடும். அதனால் மழைக்கு முன்பே துடைக்க வேண்டும். மைக்ரோமீட்டர் வைத்துக் கம்பியின் தடிமன் பார்க்கிறார்கள். புதுசில் 12 மில்லிமீட்டர் சொச்சம். தேயத் தேயக் கணக்கு எழுதி, ஒரு அளவுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். இப்போது எக்ஸ்பிரஸ் இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 லோகோவுக்கு 6,350 குதிரை சக்தி. முழு மூச்சில் ஓடினால் அந்தத் தொடுபுள்ளி வழியாக 200 ஆம்பியர் அளவுக்குப் போகும். ஒரு இடத்தில் கம்பி லூஸாக இருந்து பாண்டோ துள்ளினால் நீலப்பொறி பறக்கும். ராத்திரியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பொறிக்கும் கொஞ்சம் செம்பு போச்சு.

12.12. இறங்குகிறார்கள். கன்ட்ரோல் போனில்.

“முடிஞ்சுதா? பின்னாடி எக்ஸ்பிரஸ் நிக்குது.”

“ரெண்டு நிமிஷம் ஸார்.”

ஆள் எண்ணுகிறார். டவர் வேகன் பக்கம் வரிசையாக நிற்கச் சொல்லி, விரல் நீட்டி, சத்தமாக. ஸ்கூல் எக்ஸ்கர்ஷன் மாதிரி. பதினொன்று. மறுபடி எண்ணுகிறார். பதினொன்று. ஹெல்ப்பர் இல்லை. தூரத்து ராடை எடுக்கப் போனவர். போன் அடித்தால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று அந்தப் பெண்மணி தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்கிறார்.

“ஸார், ஓகே கொடுங்க. எனக்கு மேல இருந்து ப்ரெஷர்.”

“ஒரு ஆள் வரணும் ஸார்.”

“ராடு எடுத்திருப்பார் இல்ல?”

எடுத்திருப்பார்! ரயில்வேயில் மிக ஆபத்தான விகுதி இந்த ‘இருப்பார்’. 12.20 ஆகிறது. 12.24. போனில் குரல் ஏறுகிறது. விளக்கம் கேட்டு மெமோ வரும், பங்ச்சுவாலிடி லாஸ் இவர் கணக்கில் எழுதப்படும், எல்லாம் தெரியும். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. தண்டவாளத்தின் வளைவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். 12.27-க்கு வளைவில் ஆரஞ்சு சட்டை தெரிகிறது, தோளில் கழி, வேர்வை வழிய ஓட்டமும் நடையுமாக. கிளாம்ப் இறுகிப் போய்க் கழற்ற முடியவில்லையாம்.

“எது முதல்ல எடுத்த?”

“கொக்கி முதல்ல ஸார். அப்புறம்தான் எர்த்து.”

ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வார். இரண்டு பி.இ.க்களுக்கு நடுவே நடக்கும் டெக்னிகல் டிஸ்கஷன் அவ்வளவுதான். பன்னிரண்டு. பர்மிட்டை ரத்து செய்து கையெழுத்து. பிரைவேட் நம்பர். 12.31-க்கு மின்சாரம். எக்ஸ்பிரஸ் கடந்து போகிறது. ஏ.சி. பெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் வாட்ச்சைப் பார்த்து முகம் சுளிப்பது தெரிகிறதாம். அது கற்பனையாகவும் இருக்கலாம் என்கிறார், ஏனென்றால் எல்லா ரயிலிலும் அதே ஆள்தான் தெரிகிறார்.

*

மத்தியானம் தென்னை மரம். பாலாற்றங்கரைத் தோப்புகள் பல இடங்களில் பாதையை ஒட்டியே வரும். மட்டை விழுந்தால் கம்பி போச்சு. ஆகவே மழைக்காலத்துக்கு முன்னால் வெட்ட வேண்டும். மரத்துக்காரப் பாட்டி, “இது எம் புள்ளை பொறந்தப்போ வெச்ச மரம். வெட்டினா நான் தண்டவாளத்துல படுத்துக்குவேன்” என்கிறார். மேஸ்திரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டியின் பிள்ளைக்கு எத்தனை குழந்தை என்பதில் ஆரம்பித்து, அரை மணி பேசி, மரத்தை விட்டுவிட்டு கம்பிப் பக்கம் சாயும் நாலு மட்டையை மட்டும் வெட்டிக்கொள்ள அனுமதி வாங்குகிறார். கூடவே இளநீர்.

சாயங்காலம் ரிஜிஸ்டர்கள். இதை வேகமாகக் கடந்துவிடலாம், அவரால்தான் முடிவதில்லை. துடைத்த இன்சுலேட்டருக்கு ஒரு ரிஜிஸ்டர், துடைத்த துணிக்கு இன்னொன்று. கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டரை நம்ப முடியாது என்பதால் நோட்டிலும். நோட்டை நம்ப முடியாது என்பதால் வாட்ஸ்அப்பில் போட்டோ.

ஆறு மணி பாசஞ்சரில் ஷூ கம்பெனிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள், பூவும் டிபன் கேரியரும் சிரிப்புமாக. அதில் ஹெல்ப்பரின் அம்மாவும் உண்டு. இந்த வண்டி ஒருநாள் கம்பி அறுந்து நின்றால் அடுப்புப் பற்றவைக்க ஒன்பதாகும். காலை வண்டி நின்றால் கம்பெனி கேட்டில் கால் நாள் சம்பளம். சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாத 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் ஏற்றி வில்லிவாக்கத்துக்கு அனுப்பியதும் இதே பாதையில்தான். அன்றைக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கொடி காட்டி, போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் ஏகப்பட்ட பேர் இருந்தார்கள், டி.ஆர்.டி. ஆசாமி எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

டவர் வேகன் டெப்போவுக்குத் திரும்பும்போது என்ஜினீயர் தன் பழைய நோட்டுகளை வைத்து ஹெல்ப்பருக்குக் கேள்வி கேட்பார். ஜூனியர் என்ஜினீயர் பரீட்சைக்குத் தயாரிப்பு. பாதி வழியில் டிரைவர் கூட ஆளைத் திரும்பிப் பார்ப்பார்.

“நியூட்ரல் செக்‌ஷன் எதுக்கு?”

“பக்கத்துப் பக்கத்து சப்ஸ்டேஷனுக்கு வேற வேற ஃபேஸ் ஸார். ரெண்டையும் பாண்டோ இணைச்சுடக் கூடாது. நடுவுல கொஞ்ச தூரம் கரண்ட் இல்லாத கம்பி. லோகோ டி.ஜே.வை ஓபன் பண்ணி வேகத்துலயே தாண்டணும்.”

“அப்போ பெட்டிக்குள்ள?”

“மெமு வண்டியில லைட்டு, ஃபேன் ஒரு நிமிஷம் நிக்கும் ஸார். எங்க அம்மா கரண்ட் பில் கட்டலியானு கேக்கும்.”

“இதை எழுதாதே. மேல சொன்னதை மட்டும் எழுது.”

மேஸ்திரி பீடிக்கட்டை எடுத்து, வண்டிக்குள் கூடாது என்று ஞாபகம் வந்து, மறுபடி உள்ளே வைக்கிறார்.

“ஸார், அடுத்த நோட்டிபிகேஷன் எப்ப வரும்?” என்கிறார் ஹெல்ப்பர்.

“அதுக்கு டி.பி.சி.கிட்ட பிரைவேட் நம்பர் கிடையாதுப்பா” என்கிறார் என்ஜினீயர். அப்போது போன் அடிக்கிறது. ஏதோ ஒரு கம்பத்தருகே, கம்பியில் நீளமாகத் துணி மாதிரி தொங்குகிறதாம். கலர் தெரியவில்லையாம்.